ரெண்டு விரக்கடை

வாங்க தம்பி, உள்ள வாங்க. மெட்ராஸ்ல இருந்து நேரா வர்றீங்களா? வீட்டுக்கு வழி யாருகிட்ட கேட்டீங்க? பஸ் ஸ்டாண்டு பக்கத்துல, பச்சை போர்டு போட்ட தையக்கடையிலயா? நெனச்சேன். அது என்ற தங்கச்சி கடைங்க. வசந்தாமணி. என்ன சொல்லி வழி காட்டுனா? "பாட்டில்காரரு வீடு"ன்னா? அண்ணன் வீடுன்னு சொல்லலை? சொல்ல மாட்டா. ஏழு மாசமாச்சு அவ இந்த வாசப்படி மிதிச்சு.

அந்தச் சேர்ல வேண்டாமுங்க, காலு ஆடும். இந்தக் கட்டில்ல உக்காருங்க. நான் உங்களுக்குப் போன் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. பழைய விஸ்கி பாட்டிலு நூறு பாத்தவன் நான், வாயை அடைக்கறதுக்கு மெழுகு கொண்டாறேன், கவலைப்படாதீங்கன்னு அன்னைக்கே சொன்னீங்க. ரெண்டு மாசம்ங்கறது எனக்கு எவ்வளவு பெரிய நஷ்டம்னு உங்களுக்கு இன்னுங் கொஞ்ச நேரத்துல தெரியும். சரி, வந்துட்டீங்க, அதைப் பேசி என்ன.

அதா, அந்த ரூமுக்குள்ள கண்ணாடி பீரோ தெரியுதுங்களா? நடுத்தட்டுல, தனியா. வேண்டாம், எந்திரிக்காதீங்க. நான் எடுத்தாறேன். மொதல்ல நடந்ததைக் கேளுங்க. கேட்டுப்போட்டு தப்பு யாரு மேலன்னு நீங்களே சொல்லுங்க. இந்த ஊர்ல ஒருத்தனும் எனக்கு நாயம் சொல்ல மாட்டேங்கறான். எல்லாரும் அவ பக்கம்.

நான் குடிக்கறவன் இல்லைங்க. பாட்டில் பாட்டிலா வெச்சிருக்கறதைப் பாத்துப்போட்டு எல்லாரும் அதைத்தான் நெனைக்கறாங்க. இந்த அறுபத்தேழு வயசுக்கு ஒரு சொட்டு நாக்குல பட்டதில்லை. வால்பாறைக்கு மேல ஒரு டீ எஸ்டேட்டுல முப்பத்திநாலு வருசம் ஸ்டோர் கீப்பரா இருந்தேன். எஸ்டேட்டு கை மாறுனப்ப பழைய பங்களா ஒவ்வொண்ணா இடிச்சாங்க. ஒவ்வொரு பங்களாவுக்குப் பின்னாலயும் ஒரு குப்பைக்குழி இருக்குமுங்க. துரைமாருக குடிச்சுப்போட்டு எறிஞ்ச பாட்டிலெல்லாம் அதுக்குள்ளதான் கெடக்கும். லீவு நாள்ல மண்வெட்டி எடுத்துட்டுப் போய் நான் தோண்டுவேன். லேபர்ஸ் எல்லாம் சிரிச்சாங்க. ஸ்டோர் கீப்பருக்குப் புதையல் கெடைக்கப் போகுதுன்னாங்க. கெடைச்சுதுங்களே. கண்ணாடியில மேல இருந்து கீழ ஒரு கோடு ஓடுமில்லீங்களா, அச்சுல வாத்த கோடு? அது வாய் வரைக்கும் போனா பிந்துனது, கழுத்தோட நின்னுருச்சுன்னா அதுக்கும் முந்துனது. உங்களுக்குத் தெரியாததா. இப்ப நாப்பத்திமூணு பாட்டில் இருக்குது. அதுல ஒம்பது சீல் ஒடைக்காதது. எட்டு. எட்டுன்னு சொல்லணும் இனி.

விஸ்கிக்கு வெயில் ஆகாதுங்க. சூடும் ஆகாது. இந்த வீட்டுல வடக்குப் பாத்த ரூமு அது ஒண்ணுதான், சித்திரை மாசத்துலயும் சில்லுன்னு இருக்கும். அதுலதான் எங்கப்பா படுத்திருந்தாரு. அவரை இங்க ரேழிக்கு மாத்திப்போட்டு பீரோவை அங்க வெச்சேன். நீங்க உக்காந்திருக்கறீங்களே, இதே கட்டில்தான். காலையில வெயில் நேரா மூஞ்சியில அடிக்கும். வயசானவங்க எலும்புக்கு வெயில் நல்லதுதானுங்களே? வசந்தாமணி அதுக்கே ஒரு வாரம் மூஞ்சியத் தூக்கி வெச்சிருந்தா. எங்கப்பா ஒண்ணும் சொல்லலை. அவரே ஒண்ணும் சொல்லாதப்ப இவளுக்கு என்ன வந்துச்சு?

எங்கப்பா பேரு வேலப்பன். பட்லரு. அதே எஸ்டேட்டுல பெரிய பங்களாவுல, பெர்க்கின் துரைகிட்ட இருபது வருசம். பட்லருன்னா தோசை சுடற வேலை இல்லைங்க. வெள்ளை உடுப்பு, தலப்பா, இடது கையில மடிச்ச துண்டு. சாயங்காலம் ஆறு மணிக்குத் துரை வராந்தாவுல வந்து உக்காருவாரு. எங்கப்பா பாட்டிலைத் தொடைச்சு, கிளாஸைத் தொடைச்சு, கிளாஸு மேல விரல் படாம ரெண்டு விரலை ஓரமா வெச்சு அளந்து ஊத்துவாரு. ரெண்டு விரக்கடை. கூடவும் இருக்காது, கொறையவும் இருக்காது. ஊத்திப்போட்டு பாட்டில் வாயைத் துண்டுல ஒரு சுத்து சுத்தித் தொடைப்பாரு. நானும் வசந்தாமணியும் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து எட்டிப் பாத்துட்டே இருப்போம். இருபது வருசத்துல துரை பாட்டில்ல இருந்து ஒரு சொட்டு எங்கப்பா வாயில போனதில்லை. அது அவருக்கு ஒரு வெறி. மத்த பங்களா பட்லருக எல்லாம் பாதி குடிச்சுப்போட்டு தண்ணி கலக்குவானுக, இவரு மோந்து பாக்கறதோட சரி.

துரை சீமைக்குத் திரும்பிப் போறப்ப, எழுபதாம் வருசம், எங்கப்பாவைக் கூப்புட்டு ஒரு பாட்டில் குடுத்தாரு. அவரோட அப்பன் காலத்துது. லேபிள்ல ஒரு கோட்டை, அதுக்கு முன்னால ரெண்டு வாத்து. கழுத்துல ஈயத் தகடு சுத்தி முத்திரை வெச்சிருந்துச்சு. "வேலப்பன், இது நீ எனக்கு ஊத்தக் கூடாது. உனக்கு ஊத்து"ன்னு அரைகுறைத் தமிழ்ல சொல்லிப்போட்டுக் கையைக் குடுத்தாராம். எங்கப்பா இதை ஆயிரம் வாட்டி சொல்லியிருப்பாரு. எனக்குக் காதே புளிச்சுப்போச்சு.

சரி, குடுத்தாரு. குடிக்க வேண்டியதுதானே? குடிக்கலைங்க. நல்ல நாள் வரட்டும்னாரு. எனக்கு வேலை கெடைச்சப்ப தொறக்கலாம்னாரு, தொறக்கலை. வசந்தாமணி கல்யாணத்துக்குத் தொறக்கலாம்னாரு, கல்யாண வீட்டுல அது என்ன பழக்கம்னு எங்கம்மா கத்துச்சு. அப்பறம் எங்கம்மாவே போய்ச் சேந்துருச்சு. முப்பத்தஞ்சு வருசம் தகரப் பொட்டியில வேட்டிக்கு நடுவுல கெடந்துச்சுங்க. அப்பா இங்க என்கூட வந்து இருக்கறப்பத்தான் அந்தப் பொட்டியத் தொறந்தோம். பாட்டிலைப் பாத்ததும் குனிஞ்சு லேபிளைப் படிச்சேன். அது என்னன்னு இந்த வீட்டுல தெரிஞ்ச ஒரே ஆளு நாந்தான். நான் கேட்டேன், அவரே எடுத்துக் குடுத்தாரு. நான் புடுங்கலைங்க. நல்லாக் கேட்டுக்குங்க. "நீ வெச்சிரு, கேக்கறப்பக் குடு"ன்னு அவரு வாயாலயே சொன்னாரு. கேக்கறப்பக் குடுன்னா அது ஒரு பேச்சுங்க. வீட்டுச் சாவியக் குடுக்கறப்பக் கூட அப்படித்தான் சொல்லுவோம்.

காபி ஆறுதுங்க, குடிங்க.

போன வருசத்துக்கு முந்துன வருசம் அவருக்கு ரொம்ப முடியாமப் போச்சு. தொண்ணுத்தியொண்ணு வயசு. டாக்டரு வந்து பாத்துப்போட்டு, இனி மருந்தெல்லாம் எதுக்கு, ஆசைப்பட்டதைக் குடுங்கன்னுட்டுப் போயிட்டாரு. வசந்தாமணி பக்கத்துல உக்காந்து, என்னப்பா வேணும், என்னப்பா வேணும்னு நச்சு நச்சுன்னு நச்சுனா. அவ கேக்காம இருந்திருந்தா அவரும் சும்மா இருந்திருப்பாரு. அவரு என்னையப் பாத்தாரு. அந்த ரூமைப் பாத்தாரு.

"மருது, இருபது வருசம் ஊத்திக் குடுத்தேன்டா. ஒரு வாட்டி எனக்கு ஊத்துடா."

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. ஈயத் தகடு ஒடையாம, தக்கை சுருங்காம, அப்படி ஒண்ணு இந்த நாட்டுலயே எத்தனை இருக்குமுங்க? நீங்களே போன்ல சொன்னீங்களே, நாலு இருந்தா பெருசுன்னு. ஒரு மொடக்குக்காக அதை ஒடைக்கறதா? அதுவும் கஞ்சியே எறங்காத தொண்டைக்கு? நான் என்ன கல்லு மனசுக்காரனா? இல்லைங்க. அப்பவே வண்டிய எடுத்துட்டுப் போயி, ஆயுசுல மொத வாட்டி சரக்குக் கடை வாசல்ல வரிசையில நின்னு, இருக்கறதுலயே ஒசந்ததாப் பாத்து வாங்கியாந்தேன். வெள்ளைக் கிளாஸுல ஊத்திக் குடுத்தேன். அவரு மூக்குகிட்டக் கொண்டுபோனாரு. குடிக்கலை. திருப்பி என் கையில குடுத்துட்டு, "செரி, உடு"ன்னாரு. அவ்வளவுதான். பதினோரு நாள்ல போயிட்டாரு.

என்ன தம்பி, தலையக் குனிஞ்சுக்கறீங்க? நீங்களும் சேத்து வெக்கறவருதானே. நீங்க இருந்தா ஒடைச்சிருப்பீங்களா? சொல்லுங்க.

இப்ப அவரு தெவசத்துக்கு வர்றேன். செத்து வருசம் திரும்புன நாளு. எங்கள்ல படையல் போடறதுன்னா செத்தவங்களுக்குப் புடிச்சதெல்லாம் வெப்போம். கறிக்கொழம்பு, கோழி வறுவல், பணியாரம், ஒரு கட்டு சுருட்டு. சரக்கும் ஒண்ணு வெப்பாங்க, அது வழக்கம். அதை மூடியோட வெக்கக் கூடாது, தொறந்து ஊத்தித்தான் வெக்கணும். மூடி வெச்சா வந்த ஆத்மா வாசல்லயே நின்னுரும்பாங்க. அதுக்காகவே கடையில ஒரு குவாட்டரு வாங்கி சமையக்கட்டுல வெச்சிருந்தேன். என்மேல ஒரு கொறையும் சொல்ல முடியாது.

மூத்த மகன் தலைக்குத் தண்ணி வாத்துக்கிட்டு ஈர வேட்டியோட வந்துதான் சூடம் காட்டணும். பீரோச் சாவி எப்பவும் என்ற இடுப்புலதான் கெடக்கும், அரணாக்கயித்துல. குளிக்கப் போறப்ப மட்டும் கழட்டி ஆணியில மாட்டுவேன். பத்து நிமிசமுங்க. குளிச்சு எந்திரிக்கற நேரம். அந்தப் பத்து நிமிசத்துக்காக அவ ஒரு வருசமாக் காத்திருந்திருக்கா.

ஈர வேட்டியோட வந்து நிக்கறேன். எல போட்டாச்சு. போட்டோவுக்கு மாலை போட்டாச்சு. எலைக்குப் பக்கத்துல என்ற பாட்டிலு. கழுத்து மொட்டையா நிக்குது. ஈயத் தகட்டை அருவாமணையில வெச்சுக் கீறிக் கிழிச்சிருக்கா. தக்கையத் திருகத் தெரியாம ஊக்கு விட்டு நோண்டி, பாதி ஒடஞ்சு உள்ள விழுந்திருச்சு. அதை எதுல வடிகட்டுனா தெரியுங்களா? டீ வடிகட்டியில. எம்பது வருசத்து விஸ்கிய டீ வடிகட்டியில! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை? அந்த வாசம் வீடு பூரா அடிச்சுட்டுக் கெடந்துச்சு. அதை எப்படிச் சொல்றது, எனக்கு ஜன்னல்ல எட்டிப் பாத்த வராந்தா ஞாபகம் வந்துருச்சு. அதுலயே எனக்கு இன்னும் ரத்தம் கொதிச்சுது.

அவ என்ன பண்ணிட்டிருந்தா? இடது கையில துண்டு மடிச்சுப் போட்டுக்கிட்டு, கிளாஸு ஓரமா ரெண்டு விரலை வெச்சு அளந்து ஊத்தி முடிச்சுப்போட்டு, பாட்டில் வாயைத் தொடைச்சுட்டு நிக்கறா. ரெண்டு விரக்கடை. அதுல மட்டும் அவளுக்குக் கணக்குத் தப்பலை.

எல்லாரும் நின்னாங்க. என்ற சம்சாரம் லோகநாயகி சூடத்தட்டை நீட்டிக்கிட்டு நிக்குது. நான் சூடத்தட்டை வாங்கலை. நேரா சமையக்கட்டுக்குப் போனேன். எண்ணெய் ஊத்தற புனலைக் கழுவித் தொடைச்சு எடுத்துட்டு வந்தேன். எலைக்கு முன்னால குத்த வெச்சு உக்காந்தேன். அந்தக் கிளாஸை எடுத்து, புனல்ல விட்டுத் திருப்பிப் பாட்டில்லயே ஊத்திப்போட்டேன். அவ்வளவு கோவத்துலயும் ஒரு சொட்டு சிந்தலைங்க. வேற எவனாச்சும் இருந்தா பாதி தரையில போயிருக்கும்.

அப்பத்தான் அவ கேட்டா. கத்தலை. மெதுவாத்தான் கேட்டா.

"ஏனுங்ணா, இன்னைக்கும் அப்பாவுக்கு இல்லீங்களா?"

கேட்டுப்போட்டு துண்டை மடிச்சு எலைக்குப் பக்கத்துல வெச்சுட்டு, புள்ளைகளைக் கூட்டிட்டுப் போயிட்டா. ஒருத்தரும் சாப்பிடலை. அவ்வளவு சோறும் கறியும் மாட்டுக்கும் நாய்க்கும் போச்சு. கடையில வாங்கியாந்த குவாட்டரை ஊத்தி நான் ஒருத்தனாச் சூடம் காட்டுனேன். ஊர்ல என்ன பேசறாங்க தெரியுங்களா? அப்பனுக்கு வெச்ச படையலைத் திருப்பி எடுத்தவன்னு பேசறாங்க. சாவிய ஆணியில இருந்து திருடுனது பத்தி எவனாச்சும் பேசறானா? தக்கைய ஒடைச்சதைப் பத்திப் பேசறானா? சொல்லப்போனா அந்தச் சீலு ஒடைஞ்சதுல என்ற உசுரே பாதி போச்சு. லோகநாயகி இருக்குதே, ஏழு மாசமா சோறு போட்டாச்சுங்கறதைத் தவுர வேற பேச்சே கெடையாது. ஒரே ஒரு நாள் பேசுச்சு. "நாய்க்குக் கெடச்ச முழுத் தேங்காய்"னுச்சு. பாத்திரம் கழுவிக்கிட்டே சொல்லுச்சு. யாரைச் சொல்லுச்சுன்னு நான் கேக்கலை.

நானும் என்னால முடிஞ்சதைப் பண்ணேன். பழைய பிளாஸ்க்குத் தக்கைய எடுத்துச் செதுக்கி அடைச்சேன். சரியா உக்கார மாட்டேங்குது. உள்ள இருக்கறது ஆவியாப் போகுது. மேல ஒரு காகிதத்தை நீளமா ஒட்டி, மாசா மாசம் எவ்வளவு எறங்குதுன்னு பேனாவுல கோடு போட்டுட்டு வர்றேன். அமாவாசை அமாவாசைக்குப் போடறேன். அது ஒண்ணுக்குமில்லைங்க, காலண்டர்ல கருப்பு வட்டம் போட்டிருக்கும், நாள் மறக்காது, அதுக்குத்தான். ஒவ்வொரு மாசமும் ஒரு கோடு கீழ எறங்குது. நான் பாத்துட்டே இருக்கறேன், போயிட்டே இருக்குது. அதனாலதான் உங்களைக் கூப்புட்டேன். நீங்க ரெண்டு மாசம் கழிச்சு வர்றீங்க.

இருங்க, எடுத்தாறேன். வெளிச்சத்துக்குக் கொண்டாந்துதான் காட்டணும்.

இந்தாங்க. கோட்டை, ரெண்டு வாத்து, எல்லாம் சரியா இருக்குதுங்களா? லேபிளுக்கு ஒண்ணும் ஆகலை. அந்த ஈயத் தகட்டுத் துண்டுகளையும் தீப்பெட்டியில போட்டு வெச்சிருக்கறேன், அப்பறம் காட்டறேன். இதா பாருங்க, கழுத்துல. தெவசத்தன்னைக்குப் போட்ட மொதக் கோடு இது. கடைசிக் கோடு போன வெள்ளிக்கெழமை போட்டது, அமாவாசைக்கு. எத்தனை சென்டிமீட்டருங்கறீங்களா? அடிக்கோலு எதுக்குங்க? விரலை வெச்சாலே தெரியுது. இதா, இப்படி ஓரமா வெச்சு…

இருங்க தம்பி.

ஒண்ணுமில்லைங்க. இன்னொருக்கா வெச்சுப் பாக்கறேன்.

என்ற மூஞ்சி எங்கம்மா மாதிரி. கை மட்டும் அப்படியே வேலப்பன் கைன்னு எல்லாரும் சொல்லுவாங்க. விரலு, நகம், எல்லாம். இந்தா பாருங்க. மொதக் கோட்டுல இருந்து கடைசிக் கோட்டுக்கு ரெண்டு விரலு. கூடவும் இல்லை, கொறையவும் இல்லை.

ஏழு மாசமா ஒவ்வொரு அமாவாசைக்கும் கொஞ்சங் கொஞ்சமா…

அந்த மெழுகை எடுத்துப் பையில வெச்சிருங்க. வேண்டாமுங்க. அடுப்புப் பத்த வெக்க வேண்டாம். அட, வேண்டாம்னா உடுங்களேன். எனக்குக் கோவம் தீந்துபோச்சுன்னு நெனச்சுக்காதீங்க. அருவாமணையில கீறுனது கீறுனதுதான், டீ வடிகட்டியில வடிச்சது வடிச்சதுதான், அதுக்கு நான் சாவற வரைக்கும் அவளை மன்னிக்க மாட்டேன். எங்கப்பா, அந்த மனுசன் மேலயும்தான் எனக்குக் கோவம். திருட்டுத்தனமா எடுத்துக்கறதா? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?

கேட்டாருங்க. கேட்டாரு. நாந்தான் கடைக்குப் போனேன்.

காபி ஆறிப்போச்சு, வேற கொண்டாரச் சொல்லட்டுங்களா? பஸ்ஸுக்கு நேரமாச்சா? சரி, போயிட்டு வாங்க. உங்களை அலைய உட்டதுக்கு ஒண்ணும் நெனச்சுக்காதீங்க. போற வழியில அந்தத் தையக்கடையத் தாண்டித்தான் போகணும். அவ மிஷின்ல இருந்து தலையத் தூக்கி, பாட்டில் என்னாச்சுன்னு கண்டிப்பாக் கேப்பா.

அடைச்சாச்சுன்னு சொல்லிருங்க.